வாயில் பழத்தோடு ஓர் ஊர்வலம்

பன்னீரோடைக் காட்டில் கொம்பையன் என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தான். நீண்டு வளைந்த மஞ்சள் மூக்கு, அதன்மேல் கவிழ்த்து வைத்த தொன்னை மாதிரி ஒரு கொண்டை. அவன் கத்தினால் இரண்டு மலைக்கு அப்பால் கேட்கும். இவ்வளவு சத்தமாகச் சொல்கிற விஷயம் தப்பாக இருக்க முடியாது என்று அவன் நம்பினான். காட்டில் பாதிப் பேரும் அப்படித்தான் நம்பினார்கள்.

இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால், பெண் பறவை பெரிய மரம் ஒன்றின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேற்றையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துவிடும். ஒரு மூக்கு நுழைகிற அளவுக்கு மட்டும் கீறல் விட்டு வைக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. குஞ்சு பொரிந்து வளரும்வரை மூன்று நான்கு மாதம், ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு. அவன் வராவிட்டால் உள்ளே இருப்பவள் பட்டினி. அதனால் அந்த மாதங்களில் இருவாச்சி ஆண்கள் வேறு எந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மாசி மாதம் கொம்பையனின் மனைவி மாலாயி, ஒதுக்குப்புறமான ஒரு மருத மரத்துக்குள் அப்படித்தான் இருந்தாள்.

காட்டின் மேற்கு எல்லையில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கமும் முன்பு காடுதான். போன வருஷம் மனிதர்கள் இயந்திரங்களோடு வந்தார்கள். மரங்களை வெட்டினார்கள், மிச்சத்துக்குத் தீ வைத்தார்கள். அங்கே இருந்த பதினொரு இருவாச்சிகளும், ஒரு குரங்குக் கூட்டமும், சில அணில்களும் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தக் காட்டுக்காரர்களுக்கும் அதுவரை தெரியாது. ஆனாலும் கேட்காமல் வந்தது வந்ததுதானே? அவர்களுக்கு 'ஓடைதாண்டிகள்' என்று பெயர் வைத்தாயிற்று.

அப்படி வந்தவர்களில் சடையன், வீராயி என்று ஓர் இருவாச்சி ஜோடி. மழைச்சாரல் அடிக்கிறதென்று யாரும் வேண்டாமென விட்டிருந்த வேங்கை மரப் பொந்து ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. வீராயி உள்ளே போய் வாசலைப் பூசிக்கொண்டாள். அதே மரத்தின் உச்சிக் கிளையில் பூவாத்தா என்ற மலையணில் கூடு கட்டியிருந்தாள். வாய்க்காரி, ஆனால் மனசு நல்ல மனசு. புதுசாக வந்தவர்களோடு முதல் நாள் சண்டை போட்டாள், இரண்டாம் நாள் பேசினாள், மூன்றாம் நாள் அவர்களுக்காகச் சண்டை போட ஆரம்பித்தாள்.

வந்தவர்களைப் பற்றிய பேச்சு எல்லாப் பக்கமும் பரவி, கடைசியில் சப்பைப் பாறையில் கூட்டம் கூடியது. காட்டுக்குத் தலைவர் ஒரு காட்டெருமை. யார் என்ன பேசினாலும் தலையை ஆட்டுவார். அதனால் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

முதலில் பச்சைப்புறா எழுந்து, போன கோடையிலேயே அத்திப்பழம் எல்லோருக்கும் போதவில்லை, இன்னும் இத்தனை வாய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டது. அது பொய்யில்லை. தலைவர் தலையாட்டினார். பூவாத்தா எழுந்து, வீடு எரிந்து வந்தவர்களை எங்கே போகச் சொல்கிறீர்கள், சாம்பலைத் தின்பார்களா என்று கேட்டாள். அதுவும் நியாயம். அதற்கும் தலையாட்டினார்.

பிறகு கொம்பையன் எழுந்தான். இன்றைக்குப் பதினொன்று, நாளைக்கு நூறு என்றான். இன்றைக்குப் பழம், நாளைக்குப் பொந்து என்றான். நம் குஞ்சுகள் எங்கே போகும் என்று கேட்டபோது குரல் தழுதழுத்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசினான். கூட்டத்தில் இரண்டு மைனாக்கள் அழுதுவிட்டன.

தலைவர் இந்த முறை பலமாகத் தலையாட்டிவிட்டு உத்தரவு போட்டார். ஓடை தாண்டி வந்தவர்கள் எல்லோரும் பௌர்ணமிக்குள் திரும்பிப் போய்விட வேண்டும். நாளை முதல் யாரும் ஓடையைத் தாண்டக் கூடாது, இந்தப் பக்கத்திலிருந்தும் சரி, அந்தப் பக்கத்திலிருந்தும் சரி. எல்லைக் காவலுக்குக் கொம்பையனே தலைவன்.

மறுநாள் விடிந்ததும் கொம்பையன் மாலாயிக்கு அவசரமாக ஒரு வாய் ஊட்டிவிட்டு ஓடைக்குப் போனான். மைனாக்களைக் கரை நெடுக நிறுத்தினான். காவலில் இருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று ஒரு விதியும் போட்டான். விதி அவனுக்கே பிடித்துப்போயிற்று. நடுவில் ஒரு பாறையில் தானும் ஏறி நின்றுகொண்டான்.

சூரியன் மேலே வந்த நேரத்தில் சடையன் அக்கரையிலிருந்து பறந்து வந்தான். எரிந்த காட்டின் ஓரத்தில், நீருக்குப் பக்கத்தில், ஒரே ஓர் அத்தி மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. இந்தக் காட்டுப் பழத்தில் கை வைத்தால் பேச்சு வருமே என்று அவன் தினமும் விடியற்காலையில் அங்கேதான் போவான். இப்போதும் தொண்டை நிறைய முப்பது பழம் வைத்திருந்தான். கொம்பையன் எழும்பி வந்து மறித்தான்.

"அண்ணே, வழி விடுங்க. வீட்டுக்காரி பொந்துக்குள்ள இருக்கா."

"எந்தக் காட்டுப் பொந்து?"

"இந்தக் காட்டுலதான். வேங்கை மரத்துல."

"அப்ப அவளும் தாண்டி வந்தவதான். பௌர்ணமிக்குள்ள அவளையும் அனுப்பி வைக்கிறோம். நீ அங்கயே இரு."

"இறகு உதிர்ந்து கெடக்கா அண்ணே. எப்படி வருவா? உங்களுக்குத் தெரியாததா?"

கொம்பையனுக்குத் தெரியும். அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் பின்னால் நான்கு மைனாக்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

"சட்டம்னா சட்டம்தான்" என்றான்.

சடையன் சண்டை போடவில்லை. அக்கரையில் கரிந்து நின்ற ஒரு மரத்தில் போய் உட்கார்ந்தான். தொண்டையில் இருந்த பழத்தில் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான் பாவம்.

வேங்கை மரத்தில் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. பூவாத்தா இறங்கி வந்து பார்த்தாள். காலையிலிருந்து இவர் வரவில்லையே என்று வீராயி கேட்டாள். நடந்ததைப் பூவாத்தா அதற்குள் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் அடைபட்டுக் கிடப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"உங்க வீட்டுக்காரரு நல்ல பழமாப் பார்த்துத் தூரமாப் போயிருக்காருங்க. அதுவரைக்கும் என்னையக் குடுக்கச் சொன்னாரு" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் வால் தானாக ஆடியது. நல்லவேளை, கீறல் வழியாக வால் தெரியாது.

அன்று முழுக்கப் பூவாத்தா பக்கத்து அத்தி மரத்துக்கும் வேங்கைக்கும் தாவித் தாவிப் பழம் கொண்டுவந்து கீறலுக்குள் கையை விட்டு ஊட்டினாள். இருவாச்சி ஒரே வாயில் முப்பது பழம் கொண்டுவருவான். அணில் ஒரு தடவைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சாயங்காலத்துக்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டாள். குரங்குகள் வந்தன. மரங்கொத்தி வந்தது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய பச்சைப்புறாவும் ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. பூவாத்தா அதை ஏற இறங்கப் பார்த்தாள். புறா பழத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது.

"பழம் போதாதுன்னு சொன்னேன். பட்டினி போடுங்கன்னு சொல்லலையே."

சொல்லிவிட்டுப் பழத்தை மறுபடி கவ்விக்கொண்டது.

இப்படியாக வரிசை நீண்டது. ஆளுக்கு ஒரு பழம். மரத்தடிக்கு வந்து, ஏறி, கீறலில் போட்டுவிட்டு, இறங்கி, மறுபடி பழம் எடுக்கப் போக வேண்டும். அடுத்த நாள் வரிசை ஓர் ஊர்வலம் ஆகிவிட்டது. பன்னீரோடைக் காட்டில் அப்படி ஓர் அமைதியான ஊர்வலத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அமைதிக்குக் காரணம் பொறுமை இல்லை. எல்லோர் வாயிலும் பழம்.

கொம்பையனின் ஆட்கள் சிலர் எதிரே கூடி நின்று, "எங்க காடு எங்களுக்கு!" என்று கோஷம் போட்டார்கள். அவர்கள் வாய் காலியாக இருந்ததால் சத்தம் பிரமாதமாக வந்தது. நடுப்பகலில் பசித்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு, மாலைக்கு என்று ஆளுக்கொரு பழத்தைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதில் ஒரு கொண்டைக்குருவி வழி தவறி வரிசைக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள மரம் ஏறி, வேறு வழியில்லாமல் பழத்தைக் கீறலுக்குள் போட்டது. உள்ளேயிருந்து "நல்லா இருங்க" என்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கொண்டைக்குருவி கோஷம் போடப் போகவில்லை.

காட்டில் போராட்டம் நடக்கிறது என்று புகார் போனதால் காட்டெருமைத் தலைவர் நேரில் வந்தார். உங்கள் கோரிக்கை என்ன என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் நின்ற குரங்கு இரண்டு கன்னமும் உப்பலாக "ம்ம்" என்றது. தலைவர் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் போகிற வழியில் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தார்.

இதற்குள் கொம்பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? காவல் காத்துக்கொண்டிருந்தான். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் பேசினான். பேசப் பேசப் பேச்சு வளர்ந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக மாலாயியைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பான். காலையில் யாராவது ஓடைப்பக்கம் தலை நீட்டுவார்கள், நினைத்தது மறந்துபோகும். போதாததற்கு, இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவனே போட்ட விதியாயிற்றே.

ஐந்தாம் நாள் பக்கத்து அத்தி மரங்களில் பழம் தீர்ந்துவிட்டது. ஊர்வலம் வடக்கே பழுத்து நின்ற ஓர் இச்சி மரத்தைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. அந்த வழியில்தான் மாலாயியின் மருத மரம். பூவாத்தா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மரத்துக்குள் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. தட்டல் என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு மெலிதாகக் கேட்டது.

"யாருங்க போறது? என் வீட்டுக்காரரை எங்கயாச்சும் பார்த்தீங்களா? நாலு நாளாச்சு."

வரிசை அப்படியே நின்றது. குரங்கு வாயிலிருந்த பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முணுமுணுத்தது. அங்கே ஒருத்தனை வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்திருக்கிறவன் பெண்டாட்டிக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும், அனுபவிக்கட்டும் என்றது. பின்னால் இருந்த சிலருக்கும் அதே எண்ணம்தான்.

"உள்ள இருக்கறது கொம்பையன் இல்ல" என்றாள் பூவாத்தா. "மாலாயி."

சொல்லிவிட்டுத் தன் பழத்தைக் கீறலுக்குள் நீட்டினாள். அடுத்துப் பச்சைப்புறா. அதற்கடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரங்கு. ஊர்வலம் அங்கேயே இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் வேங்கைக்கு, பாதிப் பேர் மருதத்துக்கு.

நாலு வாய் உள்ளே போனதும் மாலாயிக்குப் பேச்சு வந்தது. எதற்காக இத்தனை பேர் பழத்தோடு அலைகிறீர்கள் என்று கேட்டாள். பூவாத்தா இந்த முறை பொய் சொல்லவில்லை. ஓடையையும் காவலையும் அக்கரையில் உட்கார்ந்திருக்கிற சடையனையும் பொந்துக்குள் கிடக்கிற வீராயியையும் பற்றிச் சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தா எனக்குக் குடுங்க" என்றாள் மாலாயி.

அவன் வீட்டு முன்னாலும் கூட்டம் கூடியிருக்கிறது என்று ஒரு மைனா ஓடைக்குப் போய்க் கொம்பையனிடம் சொன்னது. தன்னைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். இறகைக் கோதிக்கொண்டான். வழியில் நல்லதாக ஒரு பழமும் பறித்துக்கொண்டு மருத மரத்துக்குப் பறந்தான். வரிசையைப் பார்த்தான். கீறலுக்குள் ஒவ்வொரு பழமாகப் போவதைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. எல்லோரும் விலகி வழி விட்டார்கள். அவன் பழத்தோடு மூக்கை நீட்டினான். உள்ளேயிருந்து மூக்கு வரவில்லை.

"மறந்துட்டேன் மாலாயி."

"நீங்க மறந்தீங்க. அந்த மனுசன் மறக்கல" என்றாள் அவள். "எனக்குக் கொண்டு வரவேண்டியவரு வரல. அவளுக்குக் கொண்டு வந்தவரை விடல. ரெண்டுக்கும் காரணம் நீங்க ஒருத்தர்தான். மொதல்ல அவரு அவ வாசலுக்குப் போகட்டும். அதுவரைக்கும் உங்க பழம் எனக்கு வேண்டாம்."

கொம்பையனுக்குக் குரல் எழவில்லை. இரண்டு மலைக்குக் கேட்கிற குரல் அது. அழுதுகொண்டே ஓடைக்குத் திரும்பினான். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டான், எல்லோரும் பார்த்தார்கள்.

கரையில் நின்று, சடையனை இந்தப் பக்கம் வரச் சொன்னான். மைனாக்கள் விடவில்லை. சட்டம்னா சட்டம்தான்னு நீங்கதானே சொன்னீங்க என்று கேட்டன.

"சொன்னேன். அப்ப என் வீட்டுல பட்டினின்னு எனக்குத் தெரியாது" என்றான் கொம்பையன்.

உத்தரவு போட்டவரே மாற்றினால்தான் உண்டு என்று மைனாக்கள் பிடிவாதமாக நின்றன. கொம்பையன் பறந்து போய்க் காட்டெருமையை அழைத்து வந்தான். கூட்டம் ஓடைக்கரையிலேயே கூடியது. இத்தனை நாளில் முதல் தடவையாக, 'ஓடைதாண்டி' ஒருவனைப் பேசச் சொன்னார்கள். பேசச் சொல்ல யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

சடையன் அக்கரையிலிருந்தே பேசினான். தின்ன மனம் வராமல் ஐந்து நாளில் பாதியாக இளைத்திருந்தான். தினமும் காலையில் முப்பது பழம் புதிதாகப் பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்ததாகச் சொன்னான். கேட்காமல் வந்தது தப்புதான், நெருப்பு பின்னால் வரும்போது கேட்கத் தோன்றவில்லை என்றான். இந்த அத்தியில் பழம் கொட்டிக் கிடக்கிறது, காவல் போட்டதால் உங்கள் பக்கத்து ஆட்கள்கூட வந்து சாப்பிட முடியவில்லை என்றான்.

பச்சைப்புறா கழுத்தை நீட்டி அக்கரை அத்தியைப் பார்த்தது. பழம் போதாது என்று சொல்லிச் சொல்லி, இருந்த மரத்துக்கும் வழியை அடைத்திருக்கிறோமே என்று அதற்கு வெட்கமாகப் போயிற்று. அதை வாய்விட்டும் சொன்னது.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டவில்லை. முதல் முறையாகத் தானே யோசித்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். வந்தவர்கள் இருக்கட்டும் என்றார். இனி வருகிறவர்கள் ஓடைக்கரையில் நின்று யார், எதற்கு வருகிறோம் என்று சொல்லட்டும். கேட்பதற்கு இங்கே எப்போதும் ஓர் ஆள் இருக்கும். பொந்தும் பழமும் பேசிப் பங்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாசல் அடைத்து உட்கார்ந்திருப்பவளின் கணவனை மறிக்க இந்தக் காட்டில் யாருக்கும் உரிமை கிடையாது, தனக்கும் கிடையாது என்றார்.

எல்லோருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு மைனாக்கள் பத்து நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் அத்தி பழுத்துக் கிடந்ததால் சாப்பிட மட்டும் அக்கரைக்குப் போய் வந்தன.

சடையன் ஓடையைத் தாண்டினான். முன்னால் கொம்பையன் வழி விலக்கிக்கொண்டு பறந்தான், பின்னால் ஊர்வலம். வேங்கை மரத்தில் போய் இறங்கி, சடையன் கீறலுக்குள் மூக்கை நீட்டினான். உள்ளே ஒரு சின்ன மூக்கும் சேர்ந்து கத்துவது கேட்டது. குஞ்சு பொரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"தூரமாப் பழம் பார்க்கப் போயிருந்தேன்" என்றான். பூவாத்தா அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள்.

"அஞ்சு நாளா எத்தனையோ கை வந்துச்சு, எத்தனையோ மூக்கு வந்துச்சு" என்றாள் வீராயி. "ஒண்ணுகூட உங்களுது இல்ல. உங்களைப் புடிச்சு வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? பாவம், அவங்க மனசு கஷ்டப்படும்னுதான் நம்பின மாதிரியே சாப்பிட்டேன்."

பூவாத்தா கிளையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொம்பையன் அங்கே நிற்கவில்லை. தொண்டை கொள்ளுமட்டும் அத்திப்பழத்தை நிரப்பிக்கொண்டு மருத மரத்துக்குப் பறந்தான். இந்தத் தடவை மாலாயி மூக்கை நீட்டினாள்.

ஒருவரை வெளியே துரத்தச் சொல்லும் முன், அவர் கொண்டுவருகிற ஒரு வாய்ச் சாப்பாட்டுக்காக உள்ளே யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.